கொத்துமல்லி மாதிரியே இருக்குதே... பறிக்கலாமா?

மார்ச் மாசம் பிறந்தால் போதும், கோவையில் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் வல்லாரைக்குத் தனி மவுசு வந்துவிடும். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையோ, சிங்காநல்லூர் சந்தையோ, காலையிலேயே கீரைக்கட்டுகளைச் சுற்றி அம்மாக்கள் கூட்டம்.

"ஏனுங்க பாட்டி, இது நெசமா வல்லாரைதானுங்களா?"

"அட ஏன் அம்மணி, இப்படிக் கேட்டுப்போட்டீங்க? எங்கூட்டு வாய்க்கா மேட்டுல வெடியால பறிச்சதுங்கோ!"

அவ்வளவுதான். கட்டு பைக்குள் போய்விடும். மறுநாள் காலையில் துவையலாகி, பையனின் இட்லித் தட்டுக்கும் வந்துவிடும்.

கீரைக்காரப் பாட்டி பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. ஐம்பது வருஷமாகக் கீரை பறிக்கிற கைக்குத் தெரியாததா? ஆனால் இப்போது எல்லாக் கட்டும் அந்தக் கையிலிருந்து வருவதில்லை. நாமும் சும்மா இருப்பதில்லையே! நடைப்பயிற்சி போகிற வழியில், தோட்டத்து வரப்பில், ஊட்டிக்குப் போன இடத்தில், 'இது வல்லாரை மாதிரி இருக்கு', 'இது மல்லித்தழை மாதிரி இருக்கு' என்று கிள்ளிக்கொண்டு வருகிறோம். இந்த 'மாதிரி'யில்தான் சிக்கலே இருக்கிறது.

காரணம், வல்லாரையும் கொத்துமல்லியும் பிறந்த குடும்பம் அப்படி. ஒன்றுக்கொன்று சாயல் உள்ள செடிகள் நிறைந்த குடும்பம். அதில் மருந்தும் உண்டு, ஆளையே கொல்லும் விஷமும் உண்டு.

அஞ்சறைப் பெட்டியில் ஒரு குடும்பம்

உங்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மல்லி, சீரகம், சோம்பு... எல்லாம் ஒரே குடும்பம். அலமாரியில் இருக்கிற ஓமமும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சதகுப்பையும், பெருங்காயமும் அதே குடும்பம்தான். ஊட்டியிலிருந்து மண்ணோடு வந்து இறங்குகிற கேரட்டும் இதில்தான் சேர்த்தி. உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் சுமார் 3,700 வகைச் செடிகள் இருப்பதாகத் தாவரவியலார் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பூத்த மல்லிச் செடியை நினைத்துப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள் போலக் காம்புகள் கிளம்பி, நுனியில் பொடிப் பொடியாய்ப் பூ பூத்திருக்கும். அந்தக் குடைதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். இலைக்காம்பின் அடிப்பகுதி அகன்று தண்டைத் தழுவியிருப்பது இன்னொரு அடையாளம்.

சரி, இவ்வளவு நல்ல குடும்பத்தில் விஷம் எங்கே வந்தது? கிரேக்க ஞானி சாக்ரடீசுக்குக் கி.மு. 399இல் மரண தண்டனையாகக் கொடுத்த கோப்பையில் இருந்தது ஹெம்லாக் என்ற செடியின் சாறு என்பார்கள். அது கேரட்டின் பங்காளிதான்! இலை கேரட் இலை மாதிரியே இருக்கும். நல்ல வேளை, அது நம் சமவெளியில் தானாக வளரும் செடி அல்ல. ஆனாலும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலை ஏமாற்றும், காய் ஏமாற்றாது

இந்தக் குடும்பத்தில் இலையை மட்டும் நம்பவே கூடாது. கேரட், ஹெம்லாக் மாதிரி ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருப்பவை ஒரு பக்கம். சாயலே இல்லாத உறவுகள் இன்னொரு பக்கம். வட்ட இலை வல்லாரையைப் பார்த்து, 'இது கேரட்டுக்குச் சொந்தம்' என்று யாராவது சொல்வார்களா? நீலகிரியில் புப்ளூரம் என்று ஒரு செடி இருக்கிறது. அதன் இலை ஏறக்குறைய புல் மாதிரி! பூவின் குடையைப் பார்த்தால்தான் இந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். கேரளத்துப் பக்கம் 'ஆப்பிரிக்க மல்லி' என்று ஒன்று வளர்க்கிறார்கள். இலை நீளமாக, ஓரமெல்லாம் முள்முள்ளாக இருக்கும். கசக்கினால் மல்லி வாசம் தூக்கும். அதுவும் இந்தக் குடும்பமே. (பேர்தான் ஆப்பிரிக்க மல்லி, சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம்!)

அப்படியானால் தாவரவியலார் எதை வைத்து அடையாளம் சொல்கிறார்கள்? காயை வைத்துத்தான். இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல. கண்ணாடி போடாத பாட்டிகூட ஓமம் எது, சீரகம் எது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். நாம் விதை என்று சொல்கிற இவையெல்லாம் உண்மையில் முழுக் காய்கள். ஒவ்வொன்றும் இரண்டு பாதி சேர்ந்தது. ஒவ்வொரு பாதியின் முதுகிலும் ஐந்து வரிகள் ஓடும். வரிகளுக்கு நடுவே எண்ணெய்க் குழாய்கள். வாசனை அங்கேதான் இருக்கிறது.

மல்லி உருண்டை. சீரகம் ஒல்லி, மேலே லேசான சுணை. சோம்பு பருமன், வரிகள் எடுப்பாகத் தெரியும். ஓமம் பொடிசு, சொரசொரப்பு. சதகுப்பை தட்டை, ஓரத்தில் மெல்லிய விளிம்பு. இலை, பூ எல்லாம் ஒரே சாயலில் இருந்தாலும் காய் மட்டும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் முற்றிய காய் இல்லாமல் இந்தக் குடும்பத்துச் செடிக்குப் பெயர் சொல்லத் தாவரவியலார் தயங்குவார்கள்.

படித்தவர்களே காய் பார்க்காமல் பெயர் சொல்வதில்லை என்றால், இலையை மட்டும் பார்த்து நாம் சமையலறைக்குக் கொண்டுவரலாமா?

இனி நம் பக்கத்தில் இந்தக் குழப்பம் எங்கெங்கே வருகிறது என்று பார்ப்போம்.

வாய்க்கால் கரையில்: வல்லாரையும் அதன் நகல்களும்

அசல் வல்லாரை தரையோடு படர்ந்து ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். கொடித்தண்டில் பல சமயம் செம்மை ஓடியிருக்கும். இலை மொச்சைக்கொட்டையை அகலமாக்கினது போல் இருக்கும்; அடியில் ஒரு ஆழமான வெட்டு, ஓரமெல்லாம் சின்னச் சின்ன வளைவுகள். இலைக்காம்பு அந்த வெட்டில்தான் வந்து சேரும். இது முக்கியம். பூ இருக்கிறதா என்று இலைகளை விலக்கித் தேட வேண்டும். மண்ணை ஒட்டி, இளஞ்சிவப்பாக, கடுகளவுப் பூக்கள் இரண்டு மூன்று சேர்ந்து இருக்கும். காய் தட்டையாக, மேலே வலை பின்னினது போல் வரிகளோடு இருக்கும்.

இதன் முதல் நகல், நர்சரிகளில் தொட்டியிலும் தண்ணீரிலும் அழகுக்கு வளர்க்கிற வட்ட இலைச் செடி. ஆங்கிலத்தில் இதைப் பென்னிவர்ட் என்பார்கள். வல்லாரைக்கு 'இந்தியன் பென்னிவர்ட்' என்று பெயர். குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா? இதன் இலை காசு போல முழு வட்டம், வெட்டே இருக்காது. காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பு போலச் செருகியிருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இது முன்பு வல்லாரையின் குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு பிரித்து வேறு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது நகல், நம் கரிசல் காட்டிலேயே படர்ந்து கிடக்கிற எலிச்செவி. எலிக்காது என்றும் சொல்வார்கள். இதுவும் தரையில் ஓடும், கணுவில் வேர் விடும், இலையும் ஏறக்குறைய அதே வடிவம். பூ வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மஞ்சள் நிறத்தில் குட்டிப் புனல் மாதிரி பூக்கும். காரணம், இது வேறு சாதி. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குச் சொந்தம். எலிச்செவிக்கும் நாட்டு வைத்தியத்தில் இடம் உண்டு. ஆனால் அது வல்லாரை இல்லை.

மூன்றாவது, பெயரில் வருகிற குழப்பம். நாட்டு மருந்துக் கடையில் 'பிரமி' என்று கேட்டால் எதைக் கொடுப்பார்கள்? வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே பிரமி என்பார்கள். கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. இது சதைப்பற்றுள்ள சின்ன நீள இலையோடு ஈரத்தில் வளர்கிற வேறொரு செடி. மருந்துச் சீட்டில் பிரமி என்று இருந்தால், எழுதின வைத்தியரிடமே 'எந்தப் பிரமிங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்த மூன்றும் விஷம் என்று சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஆனால் இலையை மட்டும் பார்த்துப் பறிக்கிற பழக்கம் இங்கே வந்துவிட்டால், நாளைக்கு வேறு இடத்தில், வேறு செடியிடம் அது நம்மை மாட்டிவிடும்.

அசல் வல்லாரையே என்றாலும்...

செடி சரி, அது வளர்ந்த இடம் சரியா? வல்லாரை ஈரம் தேடிப் போகும். இன்றைக்கு ஊருக்குள் வருஷம் முழுக்க ஈரமாக இருக்கிற இடம் எது? சாக்கடை ஓரம்தானே! நொய்யலில் சாயக்கழிவு கலந்த கதை நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்கு அது முற்றியது. ஈயம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருந்தால் வல்லாரை அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் இலைக்குள் போன உலோகம் போகாது. அதனால் எங்கே பறித்தது என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்த்தது என்றால் நல்லது. வீட்டுத் தொட்டியிலேயே ஒரு கணுவை நட்டுவிட்டால் இன்னும் நல்லது. கொஞ்ச நாளில் தொட்டி நிறைந்துவிடும்.

கிருமி விஷயம் தனி. பச்சை வல்லாரைத் துவையல் ருசிதான். ஆனால் அசுத்தத் தண்ணீர் பட்ட இலையில் சீதபேதிக் கிருமிகள் ஒட்டியிருக்கலாம். ஓடுகிற தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, வதக்கியோ வேகவைத்தோ சாப்பிடுவதே பத்திரம்.

இன்னொன்று, அளவு. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் கீரையாகச் சாப்பிடுவது நம் வழக்கம், அதில் பயமில்லை. பரீட்சை வருகிறதே என்று தினமும் மாத்திரை, பொடி, லேகியம் என்று மாசக்கணக்கில் கொடுப்பது வேறு. 2005இல் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர்கள் மூன்று பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். வல்லாரைத் தயாரிப்பை 20 முதல் 60 நாள் வரை சாப்பிட்டு, மஞ்சள் காமாலையோடு வந்தவர்கள் அவர்கள். நிறுத்திய பிறகு கல்லீரல் தேறியது. இது எல்லாருக்கும் வரும் என்பதில்லை. ஆனால் கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மருந்தாகச் சாப்பிட வேண்டாம்.

ஞாபகசக்தி? மனிதர்களிடம் நடந்த சோதனைகளை அலசி 2017இல் ஒரு ஆய்வுத் தொகுப்பு வெளியானது. நினைவாற்றல் கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. பையனுக்கு எட்டு மணி நேரத் தூக்கத்தைக் கொடுங்கள். வல்லாரையைக் கீரையாகக் கொடுங்கள். போதும்.

காலி மனையில்: மல்லியின் போலி

மழை பெய்த பத்தாம் நாள் பக்கத்துக் காலி மனையைப் பாருங்கள். பச்சைப் பசேல் என்று, வெட்டு வெட்டான இலையோடு நூற்றுக்கணக்கில் நாற்றுகள். "அட, மல்லி முளைச்சிருக்குது!" என்று தோன்றும். அதுதான் பார்த்தீனியம். இந்திக்காரர்கள் இதற்கு 'காஜர் காஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்; கேரட் புல் என்று அர்த்தம். கேரட்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1955 - 56 வாக்கில் பூனாவில் கவனிக்கப்பட்டது. அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும் என்றால் பரவாமல் என்ன செய்யும்?

பூ வந்த பிறகு குழப்பமே இல்லை. மல்லியில் குடை விரியும். பார்த்தீனியத்தில் பொரி இறைத்தது போல வெள்ளைப் பொட்டுப் பூக்கள், கிளை கிளையாக. நாற்றுப் பருவத்தில்தான் ஏமாறுவோம். அப்போது இப்படிப் பாருங்கள்:

மல்லி இலை வழவழப்பு, மினுமினுப்பு, சுணை இருக்காது. பார்த்தீனிய இலை சாம்பல் பூத்த பச்சை, தடவினால் சொரசொரக்கும். மல்லியின் இலைக்காம்பு அடியில் அகன்று தண்டைத் தழுவும். பார்த்தீனியத்தில் அந்தத் தழுவல் கிடையாது. மல்லி வாசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் காலி மனையில் நிற்கிற செடியைக் கசக்கி முகர்ந்து பார்க்காதீர்கள். முதலில் கண்ணால் பாருங்கள், மூக்கு கடைசியில்தான்.

சந்தையில் வாங்கின மல்லிக் கட்டிலும் ஒரு கண் இருக்கட்டும். மல்லி வயலில் இதுவும் களையாக முளைக்கும். அறுக்கும்போது ஒன்றிரண்டு உள்ளே வந்துவிடலாம். மொத்தக் கட்டையும் முகர்ந்து பார்த்துப் பிரயோஜனமில்லை. மல்லியோடு சேர்ந்த எல்லாவற்றிலும் மல்லி வாசம் ஏறிவிடும். கட்டைப் பிரித்து, தண்டு தண்டாக ஆய்வதுதான் வழி. நம் பாட்டிமார்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலையே அது.

பார்த்தீனியத்தால் வருகிற தொல்லை வயிற்றைவிடத் தோலுக்கும் மூச்சுக்கும்தான் அதிகம். இதில் இருக்கிற பார்த்தெனின் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று சட்டை மூடாத இடமெல்லாம் தடித்துச் சிவந்து அரிக்கும். செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காற்றில் பறக்கிற தூசியும் மகரந்தமுமே போதும். சிலருக்குத் தும்மல், மூக்கடைப்பு, இழுப்பு. தோட்ட வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், அதிகாலையில் நடக்கப் போகிற பெரியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஒரே பருவத்தில் முகத்தில் அரிப்பு வந்தால், கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டே இருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். சின்னச் சோதனை ஒன்றில் காரணம் தெரிந்துவிடும். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு, அதே குடும்பம் என்பதால், சாமந்திப் பூவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பூக்கட்டுகிற அம்மாக்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூப்பதற்கு முன்னால், மழை ஈரத்தில், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கிவிடுவது நல்லது. ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர் அந்த வேலைக்கு வேண்டாம்.

மலையில்: அழகான வெள்ளைக் குடைகள்

மே மாசம் வால்பாறை, ஊட்டி, கோத்தகிரி என்று கிளம்பிவிடுகிறோம். ஆனைமலை, நீலகிரிப் புல்வெளிகளில் இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் பல வகை உண்டு. பிம்பினெல்லா என்ற இனம், லேஸ் பின்னினது போல மெல்லிய வெள்ளைக் குடை பிடிக்கும். ஹெராக்ளியம் என்ற இனத்துக்கு இலையும் பெரிசு, குடையும் பெரிசு. இதன் காய் தட்டையாக, ஓரத்தில் இறக்கை வைத்தது போல் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்க் குழாய்கள் பழுப்புக் கோடுகளாக மேலிருந்து இறங்கி, பாதி வழியில் நின்றுவிடுவது தெரியும்.

பிள்ளைகள் ஓடிப்போய்ப் பறிக்கிற பூ இது. பறித்தால் என்ன? ஹெராக்ளியம் இனத்துச் செடிகளின் சாற்றில் ஃபுரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. சாறு மட்டும் பட்டால் ஒன்றும் தெரியாது. சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால்தான் வினை. ஒரு நாள் கழித்து எரிச்சல், சிவப்பு, அப்புறம் தீக்காயம் மாதிரி கொப்புளம். ஆறின பிறகும் கறுப்புத் தழும்பு மாசக்கணக்கில் நிற்கும். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் சிலருக்குக் கறுத்துப் போகிறதே, அதுவும் இதே வகைதான். எல்லா ஹெராக்ளியமும் ஒரே அளவுக்குப் பொல்லாதவை அல்ல. ஐரோப்பாவில் பரவியிருக்கிற ராட்சத வகைதான் மிக மோசம். ஆனாலும் மலையில் பெயர் தெரியாத குடைப்பூவை ஒடித்து விளையாட விடாதீர்கள். சாறு பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை இரண்டு நாளைக்கு வெயில் படாமல் துணியால் மூடி வையுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அமெரிக்காவில்: பேரனைப் பார்க்கப் போன இடத்தில்

இப்போது சாக்ரடீஸ் கதைக்கு வருவோம். இன்றைக்குக் கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் நிறைய வீடுகளில் மகனோ மகளோ அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். கோடையில் அப்பாவும் அம்மாவும் ஆறு மாசம் போய் வருகிறார்கள். அங்கே மாலையில் நடக்கப் போனால் சாலையோரம், ஓடைக்கரை எல்லாம் கேரட் இலை, மல்லிப் பூ மாதிரி செழித்து நிற்கும். கீரை பறித்துப் பழகின கை சும்மா இருக்குமா?

தயவுசெய்து வேண்டாம்! அங்கே காட்டுக் கேரட்டும் உண்டு, ஹெம்லாக்கும் உண்டு. காட்டுக் கேரட்டின் தண்டு சுணையாக இருக்கும். ஹெம்லாக்கின் தண்டு வழவழப்பு, உள்ளே கூடு, மேலே ஊதா நிறத் திட்டுகள். ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். கசக்கினால் எலி மூத்திர நாற்றம். இது தசைகளைச் செயலிழக்கச் செய்து கடைசியில் மூச்சையே நிறுத்தும். இதற்கு மாற்று மருந்து கிடையாது; மூச்சுக் கருவி வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஓடை ஓரங்களில் வளர்கிற நீர் ஹெம்லாக் இன்னும் கொடியது, வலிப்பைக் கொண்டுவரும். அதன் கிழங்கைக் காட்டுக் காய்கறி என்று நினைத்துத் தின்றவர்கள் அங்கே செத்துப்போயிருக்கிறார்கள்.

இந்த அடையாளங்களைச் சொன்னது பறிக்கத் துணிச்சல் வருவதற்கு அல்ல. பார்த்தவுடன் விலகிப் போவதற்குத்தான். வெளிநாட்டில் காட்டுக் கீரையே வேண்டாம். மல்லித்தழை அங்கே கடையிலேயே கிடைக்கிறது.

பறிக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இலைக்காம்பு எங்கே சேர்கிறது? இலையின் வெட்டிலா, நடுவிலா? அடியில் தண்டைத் தழுவுகிறதா?

2. தண்டு எப்படி? சுணையா, வழவழப்பா, திட்டு உண்டா?

3. பூ எப்படி? குடையா, புனலா, பொட்டா?

4. காய் கிடைத்ததா? அஞ்சறைப் பெட்டியில் எதனுடைய ஜாடை?

5. எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?

ஐந்தில் ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை என்றாலும் பறிக்காதீர்கள். கடித்துப் பார்த்துச் சோதிக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது.

தப்பித் தவறிச் சாப்பிட்டுவிட்டால்...

பெயர் தெரியாத செடியைக் குழந்தை மென்றுவிட்டது என்றால், முதலில் வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கமோ வலிப்போ வந்தால் வாந்தி மூச்சுக் குழலுக்குள் போய்விடும். 108க்கு போன் செய்யுங்கள், இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கிளம்பும்போது அந்தச் செடியை, முடிந்தால் பூவும் காயும் வேருமாக, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். 'ஏதோ கீரைங்க' என்று சொல்வதைவிட டாக்டருக்கு அது நூறு மடங்கு உதவும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம்

கோவைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தென்னிந்தியச் செடிகளுக்கெல்லாம் 'பிறப்புச் சான்றிதழ்' வைத்திருக்கிற இடம் நம்மூரிலேயே, லாலி ரோட்டில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம்; 1955இலிருந்து இங்கே செயல்படுகிறது. பழைய மெட்ராஸ் மாகாணக் காலத்திலிருந்து சேர்த்த உலர்ந்த செடிகள், காகிதத்தில் ஒட்டி, ஊர் பெயரும் தேதியும் எழுதி, இரண்டு லட்சத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. பக்கத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம். கோ 1, கோ 2, கோ 3 என்று மல்லி ரகங்களை வெளியிட்ட இடம்.

தோட்டத்தில் சந்தேகமான செடி ஒன்று இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு இலை, பூ, காய், வேர் எல்லாம் உள்ள ஒரு முழுச் செடியை எடுங்கள். பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்து நாலு நாள் காய விடுங்கள். எங்கே, என்றைக்கு எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் செருகுங்கள். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டினாலே முக்கால்வாசிச் செடிகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அதுவரைக்கும் வல்லாரை வேண்டுமா? சந்தையிலிருந்து வேரோடு ஒரு கணு கொண்டுவந்து, இலையின் வெட்டையும் காம்பையும் நன்றாகப் பார்த்துவிட்டு, சமையலறை ஜன்னலோரத் தொட்டியில் ஊன்றிவிடுங்கள். கீரை கழுவின தண்ணீரையே அதற்கு ஊற்றலாம். பூக்கிற அன்றைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இலையை விலக்கிக் காட்டுங்கள். அப்புறம் வல்லாரை எது என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்!